நரம்பு டொக்டரா, மனநல டொக்டரா?



எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒன்று பாடம் நடக்கும்போதே வெறித்துப் பார்க்கும், வாய் மெல்லும், கூப்பிட்டால் கேட்காது. "யோசனை எங்க போகுது?" என்று அதட்டியது ஆசிரியர்களாகிய நாங்கள்தான். ஒருநாள் விழுந்து கைகால் இழுத்தபோது கையில் திறப்பைத் திணித்ததும் நாங்கள்தான். வீட்டில் ஓதிப் பார்த்தார்கள், நூல் கட்டினார்கள். ஆறு மாதம் போனது.

உம்மாவுக்கு ஜின்னைவிடப் பெரிய பயம் வேறு. "மனநல டொக்டரிட்டப் போனா நாளைக்கு யார் கலியாணம் பேசி வருவாங்க?" உண்மையில் எந்த டொக்டர் என்று எங்களுக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்கத் தேவையுமில்லையாம். அரச ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில் காட்டினோம், அவர்களே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை நரம்பியல் கிளினிக்குக்குக் கடிதம் தந்தார்கள். பஸ் காசுதான் செலவு. உம்மா போனில் எடுத்து வைத்திருந்த வீடியோவைத்தான் டொக்டர் முதலில் கேட்டார், ஈ.ஈ.ஜி. அதற்குப் பிறகு. வலிப்பு. குளிசை தொடங்கியது. ஓதுவதை நிறுத்தச் சொல்லவில்லை. குளிசையை நிறுத்த வேண்டாம் என்றுதான் சொன்னார்.

வலிப்பு வந்தால் திறப்பும் வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸ். மனசுதான் சரியில்லை என்றால் 1926, எந்நேரமும் எடுக்கலாம்.