படகின் ஓட்டையும் அதன் மூடியும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வாடைக்காற்று தொடங்க முதல் எழுதிவிட வேணும் என்று நினைத்தோம். காற்றடிச்ச சின்னப் படகு வைத்திருக்கிறவர்களும், அதில் பிள்ளைகளை ஏற விடுகிற தாய் தகப்பன்மாரும் கடைசிவரை வாசியுங்கோ.

எங்கட பக்கம் வள்ளத்துக்கும் தோணிக்கும் குறைவில்லை. இப்ப வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்புகிற, பம்பால் காற்றடிக்கிற படகுகளும் பரவைக்கடலில் இடைக்கிடை தெரிகின்றன. மடித்துப் பையில் வைக்கலாம், இரண்டு பேர் தூக்கலாம், சின்ன மோட்டர் பூட்டலாம். மழை வெள்ளத்துக்கும் உதவும் என்று வாங்குகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வள்ளத்தைப் பற்றி எங்கட ஆட்களுக்குத் தலைமுறை தலைமுறையாக உள்ள அறிவு இந்தப் படகைப் பற்றி இன்னும் வரவில்லை.

அப்படியான ஒரு படகைப் பார்க்கச் சொல்லி எங்களிடம் படிக்கிற பிள்ளைகள் கூப்பிட்டார்கள். மோட்டர் பூட்டுகிற பின்பலகையின் அடியில், பெருவிரல் போகிற அளவில் இரண்டு ஓட்டைகள். ஒரு பிள்ளை சைக்கிள் கடைச் சொலூசனும் வெட்டின ரியூப் துண்டும் கையில் வைத்துக்கொண்டு ஆயத்தமாக நின்றது.

கடல் தொழில் செய்கிற ஐயா ஒருவர், "ஓட்டையோட ஆரும் கடலுக்குப் போவினமே? வடிவா ஒட்டி அடையுங்கோ தம்பி" என்றார்.

வீடியோ பார்த்த பிள்ளை, "இல்லை ஐயா, அது தண்ணி போறதுக்கு விட்டது. திறந்தபடிதான் ஓடவேணும்" என்றது. பிறகு எங்கட பக்கம் திரும்பி, "சேர், ஆர் சொல்றது சரி?"

இரண்டு பேர் சொன்னதும் பாதி சரி. மற்றப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்து விளங்கவேணும். படகை மிதக்க வைப்பது சுற்றிவர உள்ள குழாய்களில் இருக்கிற காற்று. அந்தக் காற்று போகிற ஓட்டை வேறு. சவர்க்காரத் தண்ணி பூசினால் குமிழி வந்து காட்டிக் கொடுக்கும். பின்பலகையில் உள்ள ஓட்டை காற்றோடு சம்பந்தமில்லாதது. ஆட்கள் நிற்கிற உள்தளத்தில் சேருகிற தண்ணியை வெளியே விட, செய்தவர்களே வைத்த வழி அது.

தண்ணி எப்படியும் சேரும். ஏறும்போது காலோடு வரும், அலை தெறிக்கும், மழை பெய்யும். மோட்டர் வேகமாக ஓடும்போது அணியம் எழும்பும், உள்ளே உள்ள தண்ணி முழுக்கப் பின்பக்கம் ஓடி வரும். பின்பலகைக்கு வெளியே தண்ணி விலகி ஓடுவதால், அந்த ஓட்டை உள்ளே இருக்கிற தண்ணியை இழுத்து வெளியே விடும். பல படகுகளில் வெளிப்பக்கம் ஒரு றப்பர் நாக்கு இருக்கும். போகிற தண்ணிக்குத் திறக்கும், வருகிற தண்ணிக்கு மூடும். சாதாளையோ மணலோ அகப்பட்டால் அது மூடாது. ஆகவே அதை மட்டும் நம்பக்கூடாது.

மோட்டரை நிறுத்தினால் கதை மாறும். ஆட்கள் ஏறின படகின் உள்தளம் பெரும்பாலும் கடல் மட்டத்துக்குக் கீழே நிற்கும். திறந்த ஓட்டையால் தண்ணி உள்ளே வரும். உள்ளும் வெளியும் ஒரே மட்டமாகும் வரை வரும். பாரம் கூடி மோட்டருக்கு வேகம் எடுக்க முடியாவிட்டாலும் இதேதான். துடுப்புப் போடுகிறவர்களுக்கு அந்த வேகம் வரவே வராது. அவர்கள் மூடியைப் போட்டுவிட்டு, கான் வெட்டின கோப்பையால் இறைக்கவேணும்.

"வந்தால் என்ன சேர், குழாயில் காத்து இருக்கும்வரை தாழாதே?" என்று கேட்டது ஒரு பிள்ளை. நல்ல கேள்வி. அங்கேயே கணக்குப் பார்த்தோம். உள்தளம் 2 மீற்றர் நீளம், 80 சென்ரிமீற்றர் அகலம். அதில் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்கு, கணுக்காலுக்கும் குறைவாக, தண்ணி நின்றால் 80 லீற்றர். அதாவது 80 கிலோவுக்கு மேல். ஒரு வளர்ந்த ஆளின் பாரம். அந்த ஆள் ஓரிடத்தில் இருக்கவும் மாட்டார். படகு சரிகிற பக்கமே ஓடுவார். தண்ணி நிறைந்த அகலச் சட்டியைத் தூக்கி நடந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். படகு தாழாமல் இருக்கலாம். ஆனால் கவிழலாம், மோட்டர் நனைந்து நிற்கலாம், பெற்றோல் தாங்கி மிதந்து போகலாம். சோளகத்தில் குறிகட்டுவானில் இருந்து கடல் பார்த்தவர்களுக்கு மிச்சம் சொல்லத் தேவையில்லை.

அப்படியென்றால் ஒட்டி அடைத்தால் என்ன? அலையால் வந்த தண்ணிக்குப் போக வழியில்லாமல் போகும். கரையில் மழைக்கு நிற்கிற படகு தொட்டி மாதிரி நிரம்பும். இந்தப் படகுகளில் அதிகம் பிவிசி துணியால் செய்தவை. சைக்கிள் சொலூசன் அதில் வடிவாகப் பிடிக்காது. நடுக்கடலில்தான் கழரும். ஆகவே வேண்டியது ஒட்டு இல்லை, மூடி. அளவுக்குச் சரியான, கையால் போட்டுக் கையால் எடுக்கக்கூடிய றப்பர் மூடி அல்லது புரி உள்ள மூடி.

வெள்ளிக்கிழமைகளில் ஓதுகிற சூரத்துல் கஹ்பில் ஒரு படகு வருகிறது. ஏழைகளின் படகை ஹிழ்ர் (அலை) அவர்கள் பழுதாக்குகிறார்கள். மூஸா (அலை) அவர்களுக்கு அது விளங்கவில்லை. நல்ல படகுகளைப் பறிக்கிற அரசனிடமிருந்து காப்பாற்றத்தான் அந்தப் பழுது என்று பிறகு தெரிகிறது. ஸஹீஹுல் புஹாரியில் உள்ள நபிமொழியில் இன்னொரு கப்பல். கீழ்த்தட்டில் உள்ளவர்கள், தண்ணிக்காக மேலே போய்க் கரைச்சல் கொடுக்காமல் தங்கட பகுதியில் ஓட்டை போட நினைக்கிறார்கள். மற்றவர்கள் தடுத்தால் எல்லாரும் தப்புவார்கள். பார்த்துக்கொண்டு இருந்தால் எல்லாரும் அழிவார்கள். ஒரு ஓட்டை காப்பாற்றியது, மற்றது அழிக்கப் பார்த்தது. எது எதற்கு என்று அறிந்தவரும், கேட்டுத் தடுக்கிறவரும் படகில் இருக்கவேணும்.

2021 நவம்பர் 23 இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளோடு படகுப் பாதை கவிழ்ந்ததை நாங்கள் மறக்கவில்லை. அதன் காரணங்கள் வேறு. ஆனால் பிள்ளைகள் ஏறுகிற எதையும், அது மிதக்கிறதுதானே என்று விடமுடியாது என்பதை அந்தக் காலை எங்களுக்குச் சொல்லிவிட்டது.

பிள்ளைகளோடு சேர்ந்து நாங்கள் வகுத்த ஒழுங்கு இது:

மூடியைப் படகோடு நூலால் கட்டுங்கோ. அது ஆருடைய சட்டைப் பையிலும் இருக்கக்கூடாது. மேலதிகமாக ஒன்று படகில் கிடக்கட்டும்.

கரையில் நிற்கும்போது மூடி திறந்திருக்கவேணும். தண்ணியில் இறக்க முதல் மூடவேணும். மோட்டர் பிடிக்கிறவர் மூடியைப் போட்டு, "மூடி போட்டாச்சு" என்று சத்தமாகச் சொல்லவேணும். இன்னொருவர் கையால் தொட்டுப் பார்க்கவேணும். கண்ணால் பார்த்தது போதாது.

வேகமாக ஓடும்போது மட்டும் திறக்கலாம். வேகம் குறைக்க முதல் மூடவேணும்.

புதுப் படகென்றால் முழங்கால் தண்ணியில் ஆட்களை ஏற்றி ஐந்து நிமிடம் நிறுத்திப் பாருங்கோ. எங்கால் தண்ணி வருகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஒரு பிள்ளையும் ஏறக்கூடாது. இறைக்கிற கோப்பை எப்போதும் இருக்கட்டும்.

அந்த ஐயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மூடியைத் தொட்டுப் பார்க்கிற வேலையை ஆர் செய்யிறது எண்டு இப்பவே பேரைச் சொல்லுங்கோ. எல்லாரும் பார்ப்பம் எண்டால் ஒருத்தரும் பாராயினம்" என்றார். ஒரு பெண்பிள்ளை கை உயர்த்தியது. அவளின் பெயரைப் படகின் உள்பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள்.

உங்கட வீட்டுப் படகில் அந்தப் பெயர் ஆருடையது? இண்டைக்கே பிள்ளைகளோடு பேசித் தீர்மானியுங்கோ. அல்லாஹ் எல்லாரையும் கடலிலும் கரையிலும் பாதுகாப்பானாக.