டேபிள் புதுசு, கிராஃப் பழசு

ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிவ்யூ அன்று நடந்ததை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்கள் புராஜெக்ட், இன்டக்‌ஷன் மோட்டாரில் லோடு டெஸ்ட். ரீடிங் எடுப்பது பார்ட்னர் பொறுப்பு. லேடெக்கில் ரிப்போர்ட் தயாரிப்பது என் பொறுப்பு. முதல் நாள் மாலை அவன் ஓடி வந்தான்.

"மச்சி, வாட்மீட்டர் கனெக்‌ஷன் தப்புடா. எல்லாம் மறுபடி எடுத்திருக்கேன். மாத்திடு."

டேபிளில் மாற்றினேன். டேட்டா ஃபைலிலும் மாற்றினேன். ஆனால் கிராஃப் வரையும் க்னூபிளாட்டைத் திரும்ப ஓட்ட மறந்துவிட்டேன்.

மறுநாள் சார் பக்கத்தைப் புரட்டினார். "டேபிள்ல ஒண்ணு, கிராஃப்ல ஒண்ணு. ரீடிங்கை வீட்ல உக்காந்து எழுதினீங்களாப்பா?"

இரண்டு நாள் லேபே கதி என்று கிடந்தவன் தலைகுனிந்து நின்றான். தப்பு என்னுடையது. ஆனாலும் நான் வாய் திறக்க ஒரு நிமிடம் ஆனது. "சார், ரீடிங் சரிதான். பழைய படத்தை வச்சது நான்" என்றேன்.

அன்று மாலை ஒரு சீனியர் அண்ணன், "இதுக்குத்தான் 'மேக்' இருக்கே, தம்பி!" என்றார். 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் அதை எழுதியதும் இதே மாதிரி ஒரு மறதியால்தான். அவருடைய நண்பர் ஸ்டீவ் ஜான்சன் புரோகிராமில் தவறைத் திருத்திவிட்டு, கம்பைல் செய்யாமலே ஓட்டியிருக்கிறார். இல்லாத தவறைத் தேடி ஒரு காலைப்பொழுதே வீணாம்!

மேக்ஃபைலில் நாம் எழுதுவது, எது எதை நம்பி இருக்கிறது என்பதைத்தான். ரிப்போர்ட்டுக்குப் படம் வேண்டும். படத்துக்கு டேட்டா வேண்டும். கட்டளை கொடுத்ததும் அது ஃபைல்களின் நேரத்தை ஒப்பிடும். படத்தைவிட டேட்டா புதுசா? படத்தைத் திரும்ப வரையும். ரிப்போர்ட்டைவிடப் படம் புதுசா? ரிப்போர்ட்டைத் திரும்பத் தயாரிக்கும். மாறாததைத் தொடாது.

ஒரு எச்சரிக்கை: கட்டளை வரி 'டேப்' கீயில்தான் தொடங்க வேண்டும். ஸ்பேஸ் வைத்துவிட்டு, 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்ற வசவை அரைமணி நேரம் வாங்கினேன்!

இன்னொன்று. லேடெக் முதல் ஓட்டத்தில் பக்க எண்களைத் தனி ஃபைலில் குறித்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்தில்தான் பொருளடக்கத்தில் சேர்க்கும். ஒரே தடவையோடு நிறுத்தினால் பட எண் வர வேண்டிய இடத்தில் இரண்டு கேள்விக்குறிதான் நிற்கும். 'லேடெக்எம்கே' என்ற புரோகிராம், தேவையான தடவை தானே ஓட்டிவிடும். மேக்ஃபைலில் அதையே கூப்பிட்டுவிட்டேன்.

வைவாவுக்கு முந்தின இரவும் ஒரு ரீடிங் மாறியது. 'மேக்' என்று அடித்தேன். கிராஃப், பக்க எண், பொருளடக்கம் எல்லாம் சரியாக வந்தன. பார்ட்னர் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு மார்க்கைவிடப் பெரிது.

நண்பர்களே, மறக்கக்கூடிய வேலையை மெஷினிடம் கொடுத்துவிடுங்கள். ஆனால் கூட இருப்பவன் தலைகுனிந்து நிற்கும்போது, "தப்பு என்னுது" என்று சொல்ல எந்த மேக்ஃபைலும் வராது. அதை நாம்தான் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல்.