பூதிக்கோட்டையில் தோன்றிய குடும்பம்

பிரான்சு நாட்டிலே தலைமுறைதோறும் படைத்தலைவர்களையும் அமைச்சர்களையும் அளித்த பிரபுக் குடும்பங்களைப் பற்றிப் பள்ளியில் படித்திருக்கிறோம். அவற்றுக்கு இணையானதொரு குடும்பம் நம் தங்கவயலுக்கு அருகிலேயே தோன்றியதென்பதை நம்மவருள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மாரிக்குப்பத்தில் புகைவண்டி ஏறி, பங்காருப்பேட்டையில் இறங்கி, பேருந்தில் சிறிது தொலைவு சென்றால் பூதிக்கோட்டை. ஐதர் அலி 1720ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த ஊர் இதுவே.

அவருடைய தந்தை பத்தே முகம்மது, சீரா நவாபின் கீழ்ப் பணிபுரிந்த படைத்தலைவர். அவர் போரில் மாண்டபோது ஐதர் சிறு பிள்ளை. தந்தை பட்ட கடனுக்காக ஐதரையும் அவர் தமையனாரையும் சிறைப்படுத்தி வதைத்தனர் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். மைசூர்ப் பணியிலிருந்த உறவினர் ஒருவரே அவர்களை மீட்டார்.

அப்பிள்ளை 1755இல் திண்டுக்கல்லின் பௌசுதாராகி, பிரெஞ்சுக்காரரின் துணையுடன் படைக்கலச் சாலை அமைத்தார். 1761இல் மைசூர் ஆட்சியையே கைக்கொண்டார். எழுதப் படிக்க அறியாத அவர், 1769இல் சென்னைக் கோட்டையின் வாயில்வரை சென்று ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தார்.

ஆயினும் புகழ் மட்டும் பாடுதல் நமக்கு முறையன்று. 1780இல் அவர் படை மலைக் கணவாய்களின் வழியே இறங்கி ஆர்க்காட்டுச் சீமையைப் பாழ்படுத்திற்று. நம்மில் பலருடைய முன்னோர் வாழ்ந்த ஊர்கள் அச்சீமையினவே.

1782 டிசம்பர் 7ஆம் நாள் சித்தூருக்கு அருகில் ஐதர் காலமானார். அவர் உடலை முதலில் கோலாரில் தந்தையின் சமாதியருகே வைத்து, பின்னர்ச் சீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டு சென்றனர். கோலார் செல்வோர் அச்சமாதியை இன்றும் காணலாம்.

மகன் திப்பு சுல்தான் 1792இல் தோற்றபோது, பாதி நாட்டையும் மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாயையும் தர இசைந்தார். பணம் தீரும்வரை அவருடைய மைந்தர் இருவர் ஆங்கிலேயரிடம் பிணையாக இருந்தனர். பாட்டனார் இளமையில் பட்ட துன்பம் பேரர்களிடம் வேறு உருவில் வந்து சேர்ந்தது! 1794இல் அவர்கள் மீண்டனர். 1799இல் தந்தையை இழந்தனர். வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்ட அக்குடும்பத்தார், 1806ஆம் ஆண்டின் சிப்பாய்க் கிளர்ச்சிக்குப்பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். ஊருக்குப் போகும் வழியில் காட்பாடியில் இறங்குவோர் அக்கோட்டையையும் காணுதல் நன்று.

திப்புவின் வழிவந்தவராகச் சொல்லப்படும் நூர் இனாயத் கான், பிரான்சில் வளர்ந்த நங்கை. 1943இல் செருமானியர் பிடியிலிருந்த அந்நாட்டில் இரகசியக் கம்பியில்லாத் தந்தி அனுப்பும் பணியை ஏற்றார். பிடிபட்ட பின்னும் தம்மவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. 1944 செப்டம்பரில் டாக்கௌ முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவ்வரலாற்றில் நம் மனத்தைத் தைப்பது வாளும் அரியணையும் அல்ல. பெரியோர் பட்ட கடனைப் பிள்ளைகள் சுமந்ததே. முன்பணம் வாங்கிச் சுரங்கத்தில் இறங்கியோரின் வழியினர் நாம். எம் இல்லத்திலும் பாட்டனார் விட்டுச் சென்ற கடன் இரண்டு தலைமுறை கடந்தே தீர்ந்தது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின், வைகறையில் பெங்களூர் வண்டிக்கு விரையும் இளைஞர்களுக்குச் சீசன் சீட்டு வழங்குகையில், இவர்கள் யார் கடனைச் சுமக்கிறார்களோ என்று எண்ணுகிறோம்.

விடுமுறையில் பிள்ளைகளைப் பூதிக்கோட்டைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஐதரின் கதையோடு நம் வீட்டுக் கணக்கையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.