முல்லிங்கர் ஏற்றமும் ஒரு கேம் ஷாஃப்ட்டும்

மலர்க் குழுவினர் இவ்வாண்டு என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டபோது, இலக்கியம் பற்றி எழுதத் தகுதியுடையோர் நம் சங்கத்தில் பலர் இருக்க, கோப்புகளில் குறிப்பெழுதிப் பழகிய எழுத்தனாகிய நான் எதை எழுதுவது என்று தயங்கினேன். "ஏனுங்க, உங்க ஜிப்ஸியைப் பத்தி எழுதறதுதானே?" என்றாள் என் மனைவி. அதில் கேலி இருந்தது. அந்தக் கேலிக்கு நான் முற்றிலும் உரியவன் என்பதை மேலே படிக்கும் அன்பர்கள் உணர்வார்கள்.

என் வண்டி 1997ஆம் ஆண்டின் மாருதி ஜிப்ஸி கிங். 1985இல் 970 சி.சி. இஞ்சினுடன் வெளிவந்த ஜிப்ஸிக்கு 1996இல் 1298 சி.சி. இஞ்சின் கிடைத்தது. எட்டு வால்வுகள், கார்புரேட்டர், ஏறத்தாழ 60 குதிரைத்திறன். பொதுமக்களுக்கான விற்பனை 2019இல் நின்றுபோனது. ஓய்வு பெற்றுக் கேரளம் திரும்பிய அலுவலக நண்பர் ஒருவரிடமிருந்து நான் இதை வாங்கினேன். பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தபோதும் இதை விற்க மனம் வரவில்லை. காரணம், லண்டூர் டீச்சரம்மா.

பாளையங்கோட்டையில் பிறந்து, மலைமேல் ஒரு பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்று, அங்கேயே தனித்து வாழ்பவர் அவர். எண்பதைக் கடந்தவர். மாதம் ஒருமுறை புழுங்கலரிசியும் கறிவேப்பிலையும் கொண்டுபோய்க் கொடுப்பதும், பொங்கல் விழாவுக்கு அவரை டேராடூனுக்கு அழைத்து வந்து திரும்பக் கொண்டு விடுவதும் எங்கள் வழக்கம். டேராடூன் சுமார் 640 மீட்டர் உயரம். முப்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள மசூரி சுமார் 2,000 மீட்டர். அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. கார்புரேட்டர் இஞ்சினின் வலுவும் அந்த அளவுக்கு இளைத்துவிடுகிறது. லண்டூர் கடைவீதி ஓரத்தில் தொடங்கும் முல்லிங்கர் ஏற்றத்தில் என் வண்டி முதுமை எய்தியவர்போல் மூச்சு வாங்கும். அதைக் கேட்கக் கேட்க, இதற்கு இன்னும் கொஞ்சம் வலு வேண்டும் என்னும் ஆசை எனக்குள் வளர்ந்தது.

நான் கோவைக்காரன். எஸ். கரிவர்தன் உருவாக்கிய பந்தயக் கார்களைப் பற்றிய பேச்சைக் கேட்டு வளர்ந்த தலைமுறை. அவர் 1995இல் மறைந்தார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் பந்தயத் திடல் 2003இல் திறக்கப்பட்டது. அவ்வூர்க்காரனுக்கு இஞ்சின் என்றால் ஒரு மயக்கம் இருந்தே தீரும். வலுவைக் கூட்டும் வழி கேம் ஷாஃப்ட்டை மாற்றுவது என்று எங்கோ படித்துவிட்டேன்.

நெம்புருள் தண்டு என்று தமிழில் எழுதுவாரும் உண்டு. பட்டறையில் அது கேம் ஷாஃப்ட்தான். முட்டை வடிவ மேடுகள் கொண்ட ஒரு தண்டு. இஞ்சின் இருமுறை சுழன்றால் இது ஒருமுறை சுழலும். மேடு மேலே வரும்போது ராக்கரைத் தள்ள, வால்வு திறக்கும். மேட்டின் உயரமும் அகலமும்தான், வால்வு எவ்வளவு திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை முடிவு செய்கின்றன.

அலுவலக வேலையாகத் தில்லி சென்றபோது காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் தேடினேன். 2000இல் வந்த 16 வால்வு இஞ்சினின் தண்டை நீட்டி, "எல்லாம் ஒன்றுதான்" என்றார் ஒருவர். அதன் ஹெட்டே வேறு. என் வண்டியின் பெட்ரோல் பம்பை இயக்கும் தனி மேடும் அதில் இல்லை. கடைசியில், இமயமலைப் பந்தயங்களில் ஓடிய ஜிப்ஸியிலிருந்து கழற்றிய ஒன்று கிடைத்தது. அதன்மேல் 288 பாகை என்று பொறித்திருந்தது. விலை பதினையாயிரம். எங்கள் ஆண்டு போனஸ் 6,908 ரூபாய் என்பது மத்திய அரசு ஊழியர் குடும்பங்களுக்குத் தெரியும். இரண்டு ஆண்டுப் போனஸும் அதற்கு மேலும் கொடுத்தேன். வீட்டில் "இஞ்சின் பழுது" என்று மட்டும் சொன்னேன். கோப்பில் இப்படியொரு குறிப்பு எழுதினால் என் மேலதிகாரி திருப்பி அனுப்பியிருப்பார்.

டேராடூனில் எங்கள் மிஸ்திரி அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "பாபுஜி, இது ஓடுகிறவனுக்கு, ஏறுகிறவனுக்கு அல்ல" என்றார். எனக்கு அது புரியவில்லை. புரிந்துகொள்ள விரும்பவும் இல்லை.

மாட்டிய பிறகு ஹரித்துவார் சாலையில் நாலாயிரம் சுழற்சிக்கு மேல் அது பாய்ந்த பாய்ச்சலை என்னென்பது! நிற்கும்போது மட்டும் குதிரை கனைப்பதுபோல் விட்டுவிட்டு அதிர்ந்தது. அந்த ஓசையையும் நான் பெருமையாகவே கேட்டேன்.

பொங்கல் விழா முடிந்து டீச்சரம்மாவைக் கொண்டுவிடச் சென்ற மாலையில் முல்லிங்கர் வளைவில் எதிரே ஒரு டாக்ஸி வந்தது. வேகம் தளர்த்தினேன். மறுபடி ஏற முயன்றபோது இஞ்சின் இருமிற்று, நின்றேவிட்டது. பிரேக்கை ஒருமுறை விட்டு மறுபடி மிதித்தேன்; மிதி கல்லாகிவிட்டிருந்தது. இஞ்சின் இழுக்கும் வெற்றிடத்தால்தான் அந்தப் பிரேக் இலகுவாகிறது. புதிய தண்டு மெதுவோட்டத்தில் அந்த வெற்றிடத்தை முன்பே மெலியவைத்திருந்தது. இப்போது இஞ்சினே இல்லை. வண்டி பின்னால் நகர்ந்தது. இரண்டு முழம், மூன்று முழம். இரு கால்களையும் ஊன்றிக் கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். என் மனைவி கதவைத் திறந்து குதித்து, சாலையோரக் கல்லொன்றைப் புடவையோடு சேர்த்து அணைத்துத் தூக்கி வந்து பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள். பின்னால் தடுப்புச் சுவர் இரண்டடி தூரத்தில் இருந்தது.

டீச்சரம்மா கத்தவில்லை. மடியிலிருந்த கரும்புத் துண்டைப் பற்றியபடியே, "தம்பி, நான் இறங்கி நடந்துக்கிடுதேன். நீ பதறாத" என்றார். எண்பது வயதுக்காரர் அந்த ஏற்றத்தை என் மனைவியின் தோளைப் பிடித்து நடந்து ஏறினார். நான் வண்டியோடு நின்றேன்.

நாற்சக்கர இழுவையின் குறைவேகக் கியர் இருந்ததே என்று விவரமறிந்தோர் கேட்கலாம். உலர்ந்த தார்ச்சாலைக் கொண்டையூசி வளைவில் முன்பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும் என்பதால் அதைத் தொடாமல் இருந்தேன். உண்மையில், அந்த நேரத்தில் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அன்றிரவு கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் மைத்துனனிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "பந்தயத்துக்கு அரைச்ச கேமைப் போட்டுட்டு மலை ஏறலாமுங்களா மச்சான்?" என்று சிரித்துவிட்டு அவன் விளக்கினான். கேம் புதிதாக வலுவைப் படைப்பதில்லையாம்; இருக்கும் வலு எந்தச் சுழற்சியில் வெளிப்பட வேண்டும் என்பதையே பெரும்பாலும் அது தீர்மானிக்கிறதாம். 288 பாகையில் உள்வால்வு தாமதமாக மூடுகிறது. வேகமாக ஓடும்போது காற்றுக்கலவை வந்த வேகத்திலேயே மேலும் நிரம்பும். மெதுவாக ஓடும்போதோ, உள்ளே வந்ததில் ஒரு பங்கை பிஸ்டனே வெளியே தள்ளிவிடும். நான் இரண்டாயிரம் சுழற்சியில் தேடியதை அந்தத் தண்டு ஐயாயிரத்தில் வைத்திருந்தது.

பழைய தண்டைப் பதிவுத் தபாலில் கோவைக்கு அனுப்பினேன். அங்கே பந்தய வண்டிகளுக்கு வேலை செய்யும் ஒருவர், மேட்டின் முனையைத் தொடாமல் அடிவட்டத்தைச் சிறிது அரைத்து, திறந்திருக்கும் நேரத்தை ஏறக்குறைய அப்படியே விட்டு, எழுச்சியை மட்டும் கூட்டினார். பிறகு மேற்பரப்பைக் கடினமாக்கி அனுப்பினார். மூன்று வாரம் ஆயிற்று. கூலி ஒரு போனஸுக்குள் அடங்கியது; இம்முறை மனைவியிடம் சொல்லிவிட்டே செய்தேன்.

மிஸ்திரி பொருத்திய விதத்தை அருகிருந்து பார்த்தேன். என் மகளின் விளையாட்டுக் களிமண்ணைக் கேட்டு வாங்கி, பிஸ்டன் தலையில் அப்பி, ஹெட்டை இறுக்கி, டைமிங் பெல்ட்டின் குறிகளைச் சேர்த்து, இஞ்சினைக் கையாலேயே இருமுறை சுற்றினார். திறந்து, வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணை வெட்டி அளந்தார்; இரண்டு மில்லிமீட்டருக்கு மேலேயே இடைவெளி இருந்தது. அடிவட்டம் சிறுத்ததால் ராக்கர் திருகுகளை வழக்கத்தைவிடக் கூடுதலாக இறக்க வேண்டியிருந்தது. எல்லா மேடுகளுக்கும் மாலிப்டினம் பசை தடவி, முதல்முறை கிளப்பியதும் இரண்டாயிரம் சுழற்சிக்குக் குறையாமல் இருபது நிமிடம் ஓடவிட்டார். மெதுவாக ஓடவிட்டால் எண்ணெய் போதிய அளவு தெறிக்காமல் புதுப்பரப்பு தேயும் என்றார். அந்த இருபது நிமிடமும் அவர் என்னைத் தேநீர் குடிக்கக்கூட விடவில்லை.

அடுத்த மாதம் அரிசியோடு போனோம். வளைவில் வேண்டுமென்றே நின்று, மறுபடி எடுத்தேன். உறுமல் இல்லை, வண்டி பேசாமல் ஏறியது. என் மனைவியின் காலடியில் பொங்கலன்று எடுத்த அதே கல் இருந்தது. இன்றுவரை அதை அவள் இறக்கவில்லை.

288 பாகைத் தண்டு மிஸ்திரியின் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. இளைஞர்கள் யாரேனும் அதன் விலையைக் கேட்டால், நான் அலுவலகத்தில் இருக்கும் வேளையிலும் அழைத்து, "பாபுஜி, ஒரு பையன் வந்திருக்கிறான், நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று தொலைபேசியை அவனிடம் கொடுத்துவிடுகிறார்.