சி 70 ஸ்ராட் ஆகாத கிழமை

போன மாதம் ஒரு கிழமை முழுக்க எங்கள் வீட்டு முற்றத்தில் கிக்கர் மிதிக்கிற சத்தம்தான். நாங்கள் என்றால் நானும் தங்கச்சியும். மாறி மாறி மிதித்து இரண்டு பேருக்கும் கால் நொந்ததுதான் மிச்சம். அப்பாவின் ஹொண்டா சி 70 ஒருக்கால்கூட இருமவில்லை.

அது 2022இல் நிறுத்திய மோட்டச்சைக்கிள். அந்த ஆனி முடிய பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். பிறகு கியூஆர் வந்து, கிழமைக்கு 4 லீற்றர் என்றார்கள். அப்பா வரிசையில் நின்று களைத்துச் சைக்கிளுக்கு மாறினார். எல்லாம் சரிவந்த பிறகு எடுப்பம் என்றிருந்தவருக்கு அடுத்த வருசம் பாரிசவாதம். வலக்கை வழங்காது. பேசுவார், ஆனால் நினைத்த சொல் வராது. பக்கத்துச் சொல் ஒன்று வந்து நிற்கும்.

இப்ப அம்மா அதை விற்கப்போறா. பார்க்க வந்தவர் இரண்டுதரம் மிதித்துப்போட்டு, "எஞ்சின் முடிஞ்சுது பிள்ளையள், இரும்பு விலைக்குத்தான் எடுக்கலாம். ஞாயிறு வாறன்" என்று போனார். விற்கிறதில்கூட எங்களுக்கு அவ்வளவு கோபமில்லை. ஒரு ஆணியைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் முடிஞ்சுது என்றதுதான் பொறுக்கவில்லை.

எங்களுக்குத் தெரிந்த மெக்கானிசம் எல்லாம் அப்பாவின் கதைகள்தான். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடின கதை. குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது. அதனால் காபரேற்றருக்குள் கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். பின்னால் வெள்ளைப் புகை. இந்தக் கதை கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, எந்த வருத்தமும் எண்ணெயில்தான் இருக்கும் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு.

பழைய பெற்றோலை இறக்கினோம். பெற்றோல் மணமே இல்லை, வார்னிஷ் மணம். ஜெட்டைக் கழற்றி வானத்துக்கு நேரே பிடித்தால் ஓட்டை தெரியவேணும், தெரியவில்லை. மெல்லிய செப்புக் கம்பியால் குத்தி எடுத்தோம். புதுப் பெற்றோல் விட்டோம். மிதித்தோம். ம்ஹூம். பிளக்கைக் கழற்றினால் ஈரம். பிளக் நனைந்திருந்தால் பெற்றோல் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? அந்த இடத்திலேயே பெற்றோலை விட்டிருக்கவேணும். நாங்களோ காபரேற்றரைத் திரும்பவும் கழற்றினோம்!

விறாந்தைக் கதிரையில் இருந்தபடி அப்பா, "கறுப்பு... கறுப்பு..." என்றார். பிளக் முனை கறுப்பாகத்தான் இருந்தது. கம்பித் தும்பால் தேய்த்துக் கொண்டுபோய்க் காட்டினோம். தலையை ஆட்டினார், இல்லையாம். புதுப் பிளக் வாங்கப் போன இடத்தில், "வீட்டில அண்ணா ஒருத்தரும் இல்லையோ? அவரை வரச்சொல்லுங்கோ" என்றார்கள். காசைக் கொடுத்துவிட்டு வந்தோம். புதுப் பிளக்குக்கும் அசையவில்லை. அப்பா திரும்பவும் "கறுப்பு" என்றார். தங்கச்சி, "ஓமப்பா, விளங்குது" என்று கத்திவிட்டு உள்ளே போனாள். எங்களுக்கு விளங்கவில்லை என்று அவருக்கு விளங்கியது.

வெள்ளி பின்னேரம், இருட்டுப்பட, பிளக்கைத் தொப்பியில் மாட்டி எஞ்சினோடு முட்டவைத்து மிதித்துப் பார்த்தோம். நீலமாய்ப் பட்டென்று பொறி வரவேணும். ஐந்தாறு மிதிக்கு ஒருதரம் செம்மஞ்சளாய் ஒரு மினுக்கம். பற்றரி செத்துப்போச்சு என்று நான் சொல்ல, அப்பா இடக்கையால் இல்லை என்று காட்டினார். பிறகு காற்றில் ஒரு வட்டம் போட்டார். ஒரு வட்டம், இரண்டு வட்டம். தங்கச்சிதான் பிடித்தாள்: "மக்னற்!"

அந்தப் பழைய மொடலில் பிளக்குக்கான கரண்டை மக்னற் சில்லுத்தான் உண்டாக்கும். பற்றரி கோணுக்கும் சிக்னலுக்கும்தான். இடப்பக்க மூடியைக் கழற்றினோம். சில்லில் இருக்கிற ஓட்டைக்குள்ளால் ரோர்ச் அடித்தால் உள்ளே பொயின்ற். இரண்டு முகமும் முட்டுகிற இடம் கறுப்பு. மூன்று மாரி ஈரம் குடித்த கறுப்பு. நாலு நாளாய் அவர் சொன்னது இதைத்தான்.

மெல்லிய எமரித்தாளை மடித்து உள்ளே விட்டுத் தேய்த்தோம். வெள்ளைக் கடுதாசித் துண்டால் துடைத்தோம், கடுதாசியில் கறுப்பு வராமல் போகும்வரைக்கும். இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் இருக்கவேணும். பக்கத்து வீட்டு அண்ணையிடம் பீலர் கேஜ் இரவல் வாங்கிச் சரிபார்த்தோம். பொறி நீலமாய் வந்தது.

மூன்றாவது மிதியில் எழும்பியது. முற்றம் முழுக்கப் புகை, அம்மா குசினிக்குள்ளிருந்து இருமிக்கொண்டு ஓடிவந்தா. ஞாயிறு வாறவருக்கு என்ன சொல்லப்போறா என்று நாங்கள் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை.

அப்பா கொஞ்சநேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு இடக்கையைக் கீழே இறக்கிக் காட்டினார். ஐட்லிங் கூடவாம், குறைக்கட்டாம்.