உழைக்கும் இரும்பு

ஒரு பொருள் நெடுங்காலம் பழுதின்றி நிலைத்தால் அதனை "நல்லாய் உழைச்சது" என்று கூறுவது யாழ்ப்பாணத்து வழக்கு. மனிதன் பாடுபடுவதைக் குறிக்கும் சொல்லே தோலுக்கும் துணிக்கும் இரும்புக்கும் அங்கே வழங்குகின்றது. இப்பாராட்டை அதிகம் பெற்ற பொருள் துவிச்சக்கரவண்டியாகவே இருத்தல் வேண்டும். "அந்தக்காலச் சாமான்போல இந்தக்காலச் சாமான் உழைக்காது" என்னும் தீர்ப்பும் சைக்கிள் திருத்தகங்களின் வாசலில் நாள்தோறும் வழங்கப்படுவதே. இத்தீர்ப்பு எவ்வளவு தூரம் நியாயமானது? 2024ஆம் ஆண்டுத் தை மாதத்தில், வலிகாமத்துக் கிராமமொன்றின் பூவரசமர நிழலில் நடந்த ஓர் உரையாடல் இவ்வினாவை எதிர்பாராத ஒரு திசைக்கு இட்டுச் சென்றது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் பேர்த்தியின் வண்டியை உருட்டிக்கொண்டு அத்திருத்தகத்துக்கு வந்தார். பேர்த்தியும் உடன் வந்தாள். எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டில் வாங்கப்பட்ட, கியர்கள் பல உடைய அலுமினிய வண்டி அது. இரண்டே மாரிகளைக் கண்டது. ஆயினும், மிதிக்கும்போதெல்லாம் அதன் நடு அச்சிலிருந்து ஓர் அரைவொலி எழுந்தது. திருத்துநர் பெடற் தண்டைப் பிடித்து இருபுறமும் ஆட்டிப் பார்த்தார்.

"இதைத் திறந்து குண்டு மாத்தேலாது, மாஸ்ரர். முழுசாய்த்தான் மாத்தவேணும்."

"ரண்டு வருசத்திலேயோ? என்ரை றலி அறுபத்தாறு வருசமாய் ஓடுது. ஒருநாளும் என்னை நடுவழியிலை விட்டதில்லை, தம்பி."

அந்த றலியை அக்கிராமத்தில் அறியாதார் இல்லை. ஆசிரியரின் தந்தையார் 1958இல் வாங்கியது அது. கறுப்பு நிறச் சட்டமும், கம்பிப் பிறேக்கும், கொக்கின் தலை வெட்டப்பட்ட பற்சக்கரமும் உடையது. அதனைச் செய்த நிறுவனம் இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரில் தோன்றியது. அந்நகரில் இருந்த அதன் தொழிற்சாலை 2002இல் மூடப்பட்டுவிட்டது. தொழிற்சாலை போனபின்னும் வண்டி ஓடுகின்றது என்பதில் ஆசிரியருக்கு ஒரு பெருமிதம் இருந்தது.

திருத்துநர் மறுமொழி கூறாமல் உள்ளே சென்று ஒரு பழைய பிஸ்கற் தகரத்தை எடுத்துவந்து கவிழ்த்தார். குழி விழுந்த கோன்கள், தழும்பேறிய கப்புகள், வளைந்த கொட்டர்பின்கள், நிறம் மங்கிய குண்டுகள் என அனைத்தும் தரையிற் பரவின. யாவும் "அந்தக்கால" வண்டிகளிலிருந்து கழற்றப்பட்டவை. ஆசிரியரின் றலியும் அவற்றுள் ஒன்று. சட்டம், ஹான்டில், கொக்குப் பற்சக்கரம் ஆகிய மூன்றைத் தவிர, 1958இல் வந்தவாறே அவ்வண்டியில் எஞ்சியிருப்பது எதுவுமில்லை என்று அவர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார்.

பழைய பாகங்களும் தேய்ந்தன என்பதே முதலாவது உண்மை. அக்காலத்து நடு அச்சில் கால் அங்குலக் குண்டுகள் கப்புக்கும் அச்சின் தோளுக்கும் இடையே உருண்டன. மழைநீரும் மணலும் உட்புகுவதைத் தடுக்கத்தக்க மூடி அதற்கு இல்லை. ஆண்டுக்கொரு முறையேனும் கழற்றிக் கழுவிக் கிறீஸ் இடாவிடின் அது தன்னைத் தானே அரைத்துக்கொள்ளும். பெடற் தண்டை அச்சோடு பிணைத்த கொட்டர்பின்னோ நசுங்குவதற்கென்றே பிறந்தது போன்றது. மேலும், இன்று கண்ணிற்படும் பழைய வண்டிகள் யாவும் பிழைத்தவை. பிழையாதவை கிணற்றடியிலும் கோடிப்புறத்திலும் துருவாகிப் போயின. பிழைத்தவற்றை மட்டும் பார்த்து ஒரு காலத்தை அளப்பது, தொண்ணூறு வயதுக் கிழவரைக் கண்டு அக்காலத்தவர் அனைவரும் நூறாண்டு வாழ்ந்தனர் என்று முடிவு கட்டுவதற்கு ஒப்பாகும்.

பழையவை யாவும் ஒன்றுக்கொன்று பொருந்தின என்பதும் முழு உண்மையன்று. பிற ஆங்கிலேய வண்டிகளின் நடு அச்சுக் கப்புகள் பெரும்பாலும் அங்குலத்துக்கு 24 புரிகள் கொண்டிருக்க, றலி நிறுவனம் தன் வண்டிகளுக்கு 26 புரிகளை வகுத்துக்கொண்டது. ஒன்றின் கப்பு மற்றதில் ஏறாது.

புதிய பாகங்களின் சிறப்பையும் மறுத்தல் இயலாது. நிக்கல் குரோமியம் பூசிய உருக்கு றிம் மழையில் நனைந்தால் பிறேக் பிடிக்காது. அலுமினிய றிம்மில் ஈரத்திலும் வண்டி நிற்கும். ஆனால், அந்தப் பிடிப்புக்கு விலையாக றிம்மின் சுவர் சிறிது சிறிதாகத் தேய்கின்றது. மூடிய நடு அச்சு, நீர் புகாதவரை, ஒருவரது கவனிப்பையும் வேண்டாமல் பல்லாயிரம் மைல் ஓடவல்லது. செயினின் கதை வேறு. பின்சக்கரத்தில் பற்சக்கரங்களின் எண்ணிக்கை கூடக்கூட அவற்றிடையே செல்லும் செயின் ஒடுங்கியது. பற்களும் மெலிந்தன. ஆயினும் தேய்வை அளக்கும் முறை மாறவில்லை. புதிய செயினில் 24 இணைப்புகள் சரியாக 12 அங்குலம் நீளும். அந்நீளம் 1/16 அங்குலம் கூடியதும் செயினை மாற்றினாற் பற்சக்கரங்கள் தப்பும். 1/8 அங்குலம் கூடும்வரை விட்டால் அவற்றையும் மாற்ற நேரும். இந்த அளவுகோலைத் திருத்துநர் பேர்த்தியின் கையில் ஒரு பாடசாலை அடிமட்டத்தைக் கொடுத்தே விளக்கினார்.

அவ்வாறாயின் இரு காலங்களுக்கும் வேறுபாடு யாது? பழைய பாகம் தேய்ந்தபோது அதன் நோய் வெளியே தெரிந்தது. கோன் தேய்ந்தால் கோனை மாற்றலாம். குண்டு தேய்ந்தாற் குண்டை மாற்றலாம். புதிய பாகம் நெடுநாள் நோயின்றி இருந்து, வந்தபின் மருந்துக்கு இடமின்றி முழுதாக மடிகின்றது. முன்னது அடிக்கடி ஒரு கையை வேண்டியது. பின்னது ஒரு கடையை வேண்டுகின்றது.

கடைகளில் ஒன்றும் இல்லாத ஒரு காலத்தையும் அக்கிராமம் கண்டிருந்தது. 1990இல் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின் பின்னர் பெற்றோல் மறைந்தது. மின்சாரம் நின்றது. வானொலி கேட்பதற்குக்கூட வண்டியைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றினார்கள். அக்காலத்திற் குடாநாடு துவிச்சக்கரவண்டியின் மீதே உருண்டது எனலாம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோதும், தலைச்சுமைக்கு அடுத்த துணையாக இருந்தது அவ்வண்டியே. ஆசிரியரும் அவ்விரவில் தம் தாயாரைக் கரியரில் இருத்தி, ஹான்டிலில் இரண்டு பைகளைத் தொங்கவிட்டு, மழையில் றலியை உருட்டிச் சென்றார்.

"அந்த ராத்திரியும் கைவிடாத வண்டி," என்றார் ஆசிரியர்.

திருத்துநர் தகரத்துச் சாமான்களைப் பொறுக்கியவாறே மெல்லச் சொன்னார்: "கைவிட்டது, மாஸ்ரர். நாவற்குழிப் பாலத்துக்கு இஞ்சாலை பின் அச்சு முறிஞ்சது. நீங்கள் மறந்திட்டியள்."

அப்போது திருத்துநருக்கு வயது பத்தொன்பது. வேறொருவரின் திருத்தகத்திற் கையாளாக இருந்தவர். சனநெரிசலில் ஆசிரியரைக் கண்டு நின்றார். வழியோரத்தில் யாரோ விட்டுச்சென்ற, முன்சக்கரம் நெளிந்த ஒரு ஹம்பர் வண்டி கிடந்தது. அதன் பின் அச்சைக் கழற்றி றலியிற் பூட்டினார். அது பொருந்தியது. ஹம்பர் 1932இலேயே றலி நிறுவனத்தின் கைக்கு மாறிவிட்டது என்பதும், ஆகவே இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதும் அன்று அவர் அறியாதவை. புரி ஏறியது. அவ்வளவுதான் அவர் அறிந்தது.

ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அம்மா உனக்குக் குடை பிடிச்சுக்கொண்டு நிண்டவ," என்றார்.

"ஓம் மாஸ்ரர். குடை எனக்கு மேலை. அவ நனைஞ்சுகொண்டு நிண்டவ."

இருபத்தெட்டு ஆண்டுகளாக வண்டியின் கணக்கில் எழுதப்பட்டிருந்த ஓர் உதவி அன்று உரியவரின் கணக்குக்கு மாறியது. அதற்கு மேல் அதைப்பற்றி இருவரும் பேசவில்லை.

புதிய நடு அச்சையும் அதனைக் கழற்றும் பற்சாவியையும் திருத்துநர் கொழும்பிலிருந்து வரவழைத்தார். அச்சாவியை அவர் பிடிப்பது அதுவே முதல் முறை. வேலை முடிந்தபின் பழைய அச்சை எறிய மனமின்றி, இரும்பு அரியும் வாளால் அதன் கூட்டை அறுத்தார். பேர்த்தி குனிந்து பார்த்தாள். உள்ளே, செந்நிறச் சேற்றினுள், உருக்குக் குண்டுகள் இருந்தன.

"பிள்ளை, பார். உதுக்குள்ளையும் அதே குண்டுதான். தண்ணி உள்ளை போயிட்டுது, வெளியிலை வர வழியில்லை."

அவர் அக்குண்டுகளைத் துடைத்துத் தகரத்திற் போட்டார். இரு காலத்து இரும்பும் அங்கே ஒன்றாயின. எந்த இரும்பு உழைக்கும் என்று கேட்போர், அதற்காக யார் உழைத்தார் என்பதையும் சேர்த்துக் கேட்பது நன்று. அன்று மாலை பேர்த்தி தன் வண்டியில் முன்னே செல்ல, ஆசிரியர் பின்னே நடந்தார். மறுநாட் காலை, பழுதொன்றும் இல்லாத றலியை உருட்டிக்கொண்டு அவர் மீண்டும் திருத்தகத்துக்கு வந்திருந்தார்.