பழைய புட்டி

பழைமை என்னும் ஒரே காரணம் பற்றி எதனையும் வணங்கலாகாது என்று நாம் பலமுறை எழுதியுள்ளோம். ஆயினும் சென்ற மாதம் சிங்கப்பூரில் நண்பர் ஒருவர் இல்லத்தில், ஒரு பழைய புட்டியின் முன்னே அக்கொள்கை நம்மைக் கைவிடப் பார்த்தது. நண்பர் நம்மினும் மூத்தவர். அண்ணே என்றே அழைப்போம்.

மதுவைக் கண்டிக்கும் நாமா மதுவைச் சுவைத்தோம் என்று தோட்டத்து அன்பர்கள் வினவக்கூடும். வினவட்டும். கள்ளுக்கடையில் கூலி கரைந்த குடும்பத்தில் பிறந்தவரே நாமும். அன்று உட்சென்றது நான்கு மிடறு, அதை மறைப்பதற்கில்லை.

புட்டியிலிருந்தது பிரான்சு தேசத்துப் பொர்தோ பகுதியில் 1982ஆம் ஆண்டு அறுவடையான திராட்சையின் சிவப்பு ஒயின். பழம் நன்கு கனிந்தமையால் அவ்வாண்டுச் சரக்குக்குப் பெரும்புகழ். அதனை ஆக்கிய மாளிகையும் 1855இல் வகுத்த ஐந்து வகுப்புத் தரவரிசையில் இடம்பெற்றது. அவ்வரிசை ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. 1973இல் மூத்தோன் ரோட்ஷீல்ட் என்னும் மாளிகை இரண்டாம் வகுப்பினின்று முதல் வகுப்புக்கு ஏறியதே பெரிய மாறுதல். ஒருமுறை வகுப்புக் கட்டிவிட்டு மாற்ற மறுக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று போலும்!

நண்பரும் அவர் மனைவியாரும் 1986இல், மணமான புதிதில், இலண்டனில் இத்தகைய புட்டிகள் இரண்டு வாங்கினர். இருபத்தைந்தாம் மணநாளில் ஒன்றைத் திறப்பதென்பது பேச்சு. 2011இல் அந்நாள் வந்தபோது, “இன்னும் முதிரட்டும்” என்று நண்பர் தடுத்துவிட்டார். அம்மையார் 2019இல் மறைந்தார்.

கள்ளை அறிந்தவர்க்கு இம்முதிர்ச்சி விந்தையாகத் தோன்றும். காலையில் இறக்கிய கள் மாலைக்குள் கடுத்து, மறுநாள் காடியாகத் திரும்பும். சிவப்பு ஒயினிலோ பழத்தோலும் விதையும் தந்த துவர்ப்பு, இளமையில் பச்சைப் பாக்கை மென்றாற்போல் நாவைப் பிடிக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அத்துவர்ப்பும் நிறமும் ஒன்றோடொன்று கூடி வண்டலாக அடியில் படியும், மென்மை பிறக்கும். அதே காலத்தில் பழமணமும் தேய்ந்துகொண்டே வரும். துவர்ப்புத் தணிந்து, பழமும் எஞ்சி நிற்கும் இடைக்காலமே உச்சம். பெரும்பாலான ஒயின்களுக்கு அது சில ஆண்டுகளிலேயே வந்துபோகும்.

நண்பர் முதல் நாளே புட்டியை நிமிர்த்தி வைத்திருந்தார். மதுவின் மட்டம் கழுத்தினின்று தோள்வரை இறங்கியிருந்தது. தக்கை பொடிந்து வந்தது. கிண்ணத்தைச் சாய்த்து வெள்ளைத் துணியின்மேல் பிடித்துப் பார்த்தோம். விளிம்பில் செங்கல் நிறம் முதுமைக்கு இயல்பு. இதிலோ நடுவரை தேயிலைச் சாற்றின் பழுப்பு ஏறியிருந்தது. முதல் மணத்தில் சுருட்டுப் பெட்டியும் நனைந்த சருகும் தோன்றின. மகிழ்ந்தோம். வாயிலிட்டபோது பழம் இல்லை; புளிப்பு மட்டும் தனித்து நின்றது. அவசரப்படலாகாதென்று கால்மணி நேரம் பொறுத்தோம். உயிருள்ள பழைய ஒயின் காற்றுப்பட்டு மலர்வதுண்டு. இது அந்நேரத்துக்குள் இருந்த மணத்தையும் இழந்து காடி வாடை காட்டிற்று.

“என்ன தம்பி, உச்சத்துக்கு வந்துவிட்டதா?” என்றார் நண்பர்.

“அருமை” என்னும் சொல் வாய்வரை வந்தது. ஆண்டின் புகழும் மாளிகையின் பெயரும் அம்மையாரின் நினைவும் சேர்ந்து அதை உந்தின. அதை விழுங்கிவிட்டு, “கடந்துவிட்டது, அண்ணே” என்றோம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “அந்த 2011இல் திறந்திருந்தால்?” என்றார்.

“இதைவிட நன்றாயிருந்திருக்கும்.”

ஆனால் முழு உண்மை அதுவுமன்று. 12, 13 டிகிரிக் குளிரில் நிலவறையில் உறங்க வேண்டிய மது, இங்கே 30 டிகிரி வெப்பத்தில் உடுப்பு அலமாரியில் கிடந்தது. நிலவறையில் மெல்ல நடக்கும் மாறுதல் இவ்வெப்பத்தில் விரைந்தோடிவிடும். அம்மணநாளுக்கு முன்னரே உச்சம் கடந்திருக்கவும் கூடும். இதையும் சொன்னோம், ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

“மற்றொன்று இருக்கிறதே?”

“அதுவும் இதே அலமாரியில்தானே, அண்ணே? புட்டிக்குப் புட்டி வேறுபடுவதுண்டு. ஆனால் இனி வைத்திருந்து ஆவது ஒன்றுமில்லை.”

நண்பர் எழுந்து சென்று அதைக் கொணர்ந்து, வண்டல் படியட்டுமென்று மேசைமேல் நிமிர்த்தி வைத்தார். பிறகு ஜொகூரிலிருக்கும் மகளைத் தொலைபேசியில் அழைத்து, “நாளை மாலை வா, அம்மா” என்றார்.